கிரகணத்தில் வாசலுக்கு வந்தவள்

விதைநெல் அறையில் பூச்சி அண்டாமல் இருப்பதற்காக மூட்டைகளுக்கு நடுவே செருகி வைத்திருக்கும் நொச்சித் தழை காயக் காய, அதன் காட்டமான வாசனை மூக்கில் ஏறி நெற்றியில் போய் நிற்கும். எனக்கு ஆறு வயதாக இருந்தபோது ஒரு சூரிய கிரகணத்தன்று, அந்த வாசனைக்கு நடுவில், ஜன்னல் இடுக்கையெல்லாம் சாக்கால் அடைத்த இருட்டில், வயிற்றில் ஐந்து மாதப் பிள்ளையோடு என் அம்மா உட்கார வைக்கப்பட்டிருந்தாள். உட்கார வைத்தது ராஜாமணி அத்தை, அதாவது என் அப்பாவின் அக்கா. கத்தியைத் தொட்டால் பிள்ளைக்கு உதடு பிளக்கும், ஊசியைத் தொட்டால் காது மடல் துளைபடும், உடம்பைச் சொறிந்தால் அந்த இடத்தில் தழும்பு விழும், வாசலுக்கு வந்தால் பிள்ளை “மூளி”யாகப் பிறக்கும் என்று விரல் மடக்கிச் சொல்லிவிட்டு, கதவை வெளியே தாழ் போடாமல் சாத்திவிட்டுத் தன் வீட்டுக்குப் போனாள். தாழ் போட்டிருந்தால் இந்தக் கட்டுரையை எழுத வேண்டிய தேவையே எனக்கு வந்திருக்காது.

எங்கள் ஊர் நன்னிலத்துக்கு மேற்கே, பஸ் போகிற சாலையிலிருந்து வாய்க்கால் கரையோடு அரை மணி நேரம் நடந்தால் வரும். கிரகணம் பிடித்த நேரத்தில் எங்கள் தெருவில் உலக்கையை நிற்க வைப்பார்கள். பெரிய தாம்பாளத்தில் மஞ்சள் தண்ணீர் ஊற்றி, நடுவில் உலக்கையை நட்டுக் கையை எடுத்தால், அது யாரும் பிடிக்காமல் தானாக நிற்கும். கிரகணம் விட்டதும் சாய்ந்துவிடும் என்பது ஊர் நம்பிக்கை. அதைப் பார்க்கத் தெருப் பிள்ளைகளெல்லாம் கூடியிருக்கும் சத்தம் கேட்டதும் நான் அம்மாவின் பக்கத்திலிருந்து நழுவி வெளியே ஓடிவிட்டேன். உலக்கை நிற்பதைப் பார்த்துவிட்டு, அடுத்தபடியாக எல்லாரும் பார்க்கக்கூடாது என்று சொன்ன சூரியனையே அண்ணாந்து பார்க்கத் தலையைத் தூக்கினேன். பின்னாலிருந்து ஒரு கை என் கண்ணைப் பொத்தியது. அம்மா என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் போனாள். எல்லாம் சேர்ந்து இரண்டு நிமிடம் இருக்கும்.

அன்று சாயங்காலம் குளித்து முழுகி எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தபோது, அத்தையிடம் நான்தான் பெருமையாகச் சொன்னேன். உலக்கை நின்றது, நான் பார்த்தேன், அம்மா வாசலுக்கு வந்து என்னைத் தூக்கிக்கொண்டு போனாள் என்று ஒன்று விடாமல் சொன்னேன். அத்தை அம்மாவின் வயிற்றை ஒருமுறை பார்த்துவிட்டு மோர் ஊற்றிக்கொண்டாள்.

பிறந்தவன் என் தம்பி. எந்தக் குறையும் தெரியாத, கொழுகொழுவென்ற பிள்ளை. முரளி என்று பெயர் வைத்தார்கள். காது கேட்காத பிள்ளைக்குப் புல்லாங்குழலின் பெயரை வைத்திருக்கிறோம் என்பது ஒன்றேகால் வருடம் கழித்து வந்த தீபாவளியில்தான் தெரிந்தது. சித்தப்பா பற்ற வைத்த வெடி, தத்தி நடந்து போன முரளிக்கு நாலடி தள்ளி வெடித்தது. தெருவே காதைப் பொத்திக்கொண்டபோது அவன் மட்டும் புகையைப் பார்த்துச் சிரித்தான். அம்மா ஓடிப்போய் அவனைத் தூக்கி, காதருகே கை தட்டினாள், பித்தளைத் தட்டைத் தட்டினாள், கடைசியில் அவன் பெயரைக் கத்தினாள். அவன் அவள் மூக்குத்தியைப் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தான்.

“அன்னைக்கு வாசல்ல வந்து நின்னல்ல, அதான்” என்றாள் அத்தை, கூடியிருந்த அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி. அம்மா இல்லையென்று தலையாட்டினாள். உடனே அத்தை என் பக்கம் திரும்பினாள். “ஏன்டி, நீதானே சொன்ன. உங்கம்மா வந்தாளா இல்லியா?”

வந்தாள் என்று நான் தலையை ஆட்டினேன். எட்டு வயது கூட நிறையாத ஒருத்தியின் தலையாட்டல்தான் என் அம்மாவுக்கு எதிரான ஒரே சாட்சி. அந்தக் கணத்திலிருந்து ராஜாமணி அத்தையை நான் வெறுக்கத் தொடங்கினேன். அந்த வெறுப்பில் பாதி என் மேலேயே எனக்கு இருந்தது என்பதைப் புரிந்துகொள்ளப் பல வருடங்கள் ஆயின. ஆனாலும் மீதிப் பாதியே ஓர் ஊருக்குப் போதுமானதாக இருந்தது.

அத்தையைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். வாக்கப்பட்டது அடுத்த தெருவில்தான் என்பதால் பிறந்த வீட்டின் அதிகாரத்தை அவள் ஒரு நாளும் விடவில்லை. அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் அவள் வைத்ததுதான் சட்டம். அப்பாவுக்கு அவருடைய சொந்த அத்தை மகளையே, அதாவது என் அம்மாவை, கட்டி வைத்ததும் அவள்தான். என் அப்பாவைப் பெற்றவரும் என் அம்மாவைப் பெற்றவளும் கூடப் பிறந்த அண்ணன் தங்கை. தங்கை கல்யாணமாகிப் போனபோது “மஞ்சக்காணி” என்று நாலு மா நஞ்சையை அவள் பேருக்கு எழுதிக் கொடுத்திருந்தார்கள். பெண்ணுக்கு மஞ்சள் செலவுக்கென்று பிறந்த வீட்டார் கொடுக்கும் அந்த நிலம், தங்கையின் மகள் இந்த வீட்டுக்கே மருமகளாக வந்தால் மறுபடி வீட்டுக்கே திரும்பிவிடும் அல்லவா. அம்மா வந்தாள், அம்மாவோடு நாலு மாவும் வந்தது. நிலம் வந்த வழியில் வேறொன்றும் வந்தது என்று யாரும் நினைக்கவில்லை.

அன்றிலிருந்து அம்மாவின் பெயர் “கிரகணத்தில வெளிய வந்தவ” என்று ஆனது. வைதால் கூடத் தாங்கிக்கொள்ளலாம். வளைகாப்பு வீடுகளில் நடந்ததைத்தான் என்னால் இன்றுவரை தாங்க முடியவில்லை. சொந்தத்தில் யாருக்கு வளைகாப்பு என்றாலும் அம்மாவை முதல் ஆளாகக் கூப்பிடுவார்கள், ஏனென்றால் அவள் கிளறுகிற புளிச்சோறு அப்படி இருக்கும். விடியற்காலையே போய் அடுப்படியில் நின்று ஐந்து வகைச் சோறும் அவளே கிளறி முடிப்பாள். பிறகு பட்டுப்புடவை கட்டிக்கொண்டு கூடத்து நிலையருகே நிற்பாள். சுமங்கலிகள் ஒவ்வொருவராகப் போய்க் கர்ப்பிணியின் கன்னத்தில் சந்தனம் பூசி வளையல் போடுவார்கள். அம்மாவின் முறை வரும்போது அத்தை எதையாவது கேட்பாள், அப்பளம் பொரிச்சாச்சா என்றோ, இலை நறுக்கியாச்சா என்றோ. அம்மா உள்ளே திரும்பிப் போவாள். அவள் கை பிசைந்த சோறு எல்லாருக்கும் வேண்டும், அவள் கை போடுகிற வளையல் மட்டும் யாருக்கும் வேண்டாம். பாவாடையைப் பல்லில் கடித்துக்கொண்டு நான் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே வளர்ந்தேன். அப்பா வாயே திறக்கவில்லை. அக்கா பேச்சுக்கு மறுபேச்சு பேசி அவருக்குப் பழக்கமில்லை.

பழி வாங்குவது என்று முடிவு செய்துவிட்ட பிள்ளைக்குக் கைக்கு எட்டுகிற ஆயுதம் எதுவும் சிறியதில்லை. அத்தையின் செருப்பைக் கோழிக் கூண்டுக்குள் போட்டிருக்கிறேன். அவள் காயவைத்த வடகத்தில் காக்கையை நானே வரவழைத்திருக்கிறேன். ஆறாம் வகுப்புப் படிக்கும்போது ஒரு செவ்வாய்க்கிழமை, வானத்தில் எந்தக் கோளாறும் இல்லாத வெட்ட வெளிச்சத்தில், எங்கள் உலக்கையை எடுத்து முற்றத்துச் சிமெண்டுத் தரையில் நிற்க வைக்க முயன்றேன். பதினேழு தடவை விழுந்தது. அடிப்பூண் தட்டையாக இருப்பதைக் கவனித்து, தரையில் சமமான இடமாகப் பார்த்து வைத்தபோது பதினெட்டாம் தடவை நின்றது. மூச்சு விடாமல் ஓடிப்போய் அத்தையைக் கையைப் பிடித்து இழுத்து வந்து காட்டினேன். “பாருங்க அத்தை, இன்னைக்குக் கிரகணமே இல்ல, நிக்குது” என்றேன்.

அத்தை உலக்கையைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்தாள். “எந்தத் தேசத்துலயாச்சும் இன்னைக்குக் கிரகணமா இருக்கும்டி” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் உலக்கையை உதைத்தேன். அது என் கால் கட்டைவிரலிலேயே விழுந்து நகம் பெயர்ந்தது.

இதே அத்தை மாட்டு விஷயத்தில் எவ்வளவு சூட்டிகை தெரியுமா. அவள் வீட்டில் ஒரு சிவலைக் கிடேரி இருந்தது. பருவத்துக்கு வந்து அது கத்தத் தொடங்கியதும் பக்கத்து ஊர்க் காளைக்கு ஓட்டிப்போகலாம் என்று மாமா சொன்னார். “அந்தக் காளை வேணாம். இது அதுக்குப் பொறந்ததுதானே. அப்பனுக்கே விட்டா கன்னு நோஞ்சானாப் போயிடும், வேற ஊருக்கு ஓட்டிட்டுப் போங்க” என்றாள் அத்தை. கிடேரியை ஆறு மைல் நடத்திக்கொண்டு போனார்கள். விதைநெல்லையும் மூன்று போகத்துக்கு ஒருமுறை மாற்றிவிட வேண்டும் என்று சண்டை போட்டுத் திருவிடைமருதூர்ப் பக்கத்திலிருந்து வரவழைப்பாள். மாட்டிலும் நெல்லிலும் தெரிந்த நியாயம் மனிதர்கள் விஷயத்தில் மட்டும் ஏன் அவளுக்குத் தெரியாமல் போனது என்று நான் வெகு காலம் யோசித்திருக்கிறேன். அவளுக்குத் தெரியும் என்பதைத்தான் யோசிக்காமல் விட்டுவிட்டேன்.

பன்னிரண்டாம் வகுப்பு விலங்கியல் புத்தகத்தில் நான்கு கட்டம் போட்ட ஒரு படம் வந்தது. ஒவ்வொரு குணத்துக்கும் நம் உடம்பில் இரண்டு சீட்டுகள் இருக்கின்றன, ஒன்று அம்மா தந்தது, ஒன்று அப்பா தந்தது. சில சீட்டுகள் ஓங்கு பண்பு கொண்டவை, ஒன்று இருந்தாலே பேசிவிடும். சில ஒடுங்கு பண்பு கொண்டவை. பக்கத்தில் நல்ல சீட்டு ஒன்று இருந்தால் வாயை மூடிக்கொண்டு பல தலைமுறை ஒளிந்து கிடக்கும். அப்படி ஒளித்து வைத்திருக்கும் ஆணும் பெண்ணும் மணந்துகொண்டால், பிறக்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு, இரண்டு ஊமைச் சீட்டுகளும் ஒன்றாகச் சேர வாய்ப்புண்டு. யாரோ முன்பின் தெரியாதவர்கள் ஒரே சீட்டை வைத்திருப்பது அபூர்வம். ஒரே தாத்தாவிடமிருந்து வந்தவர்கள் வைத்திருப்பது அபூர்வமே இல்லை. நெல்லுக்கு இந்தத் தொல்லை கிடையாது, அது தன் பூவுக்குள்ளேயே தன்னை மணந்துகொண்டு பழகிப்போன பயிர். நான் அந்த நான்கு கட்டத்துக்குள் அப்பா பெயரையும் அம்மா பெயரையும் எழுதி, கடைசிக் கட்டத்தில் முரளி என்று எழுதினேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். எங்கள் வீட்டில் குற்றவாளி வேறு யாரோ என்று முதல்முறையாக எனக்குத் தெரிந்தது.

ஆனால் புத்தகத்தைக் காட்டி அத்தையை மடக்க முடியாது. அதற்கான ஆதாரம் இரண்டு வருடம் கழித்து அவளுடைய கோட்டையிலிருந்தே கிடைத்தது. அப்பா திடீரென்று மாரடைப்பில் போய்விட்டார். பட்டா மாற்றுவதற்காகத் தகரப் பெட்டியிலிருந்த பழைய பத்திரங்களை நான் வாசிக்க வேண்டி வந்தது. அதில் என் தாத்தாவும் அவர் உடன்பிறந்தாரும் பாகம் பிரித்துக்கொண்ட பத்திரம் ஒன்று. மூன்றாவது மகன் சின்னையன் பிறவியிலேயே ஊமையும் செவிடுமாக இருப்பதால் அவனுக்காக மூத்தவர் கார்டியனாகக் கையெழுத்துப் போடுகிறார் என்று அதில் எழுதியிருந்தது. கீழே சின்னையனின் இடது பெருவிரல் ரேகை, பழுப்பேறிய மையில், சுழிசுழியாக. என் தாத்தாவுக்குத் தம்பி. அம்மாவைப் பெற்றவளுக்கும் அண்ணன். இப்படி ஒருவர் இருந்தார் என்று எங்கள் வீட்டில் யாரும் சொன்னதே இல்லை.

பட்டப்படிப்பு முடிந்த வருடம் ராஜாமணி அத்தை தன் ஒரே மகன் ரவிக்கு என்னைக் கேட்டுப் பூ வைக்க வந்தாள். அத்தை மகன், முறை மாப்பிள்ளை, அவள் கேட்டால் இல்லையென்று சொல்லும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. பதினைந்து பேர், மூன்று தட்டு, இரண்டு சீப்புப் பழம். எல்லாரும் உட்காரும்வரை காத்திருந்து, நான் உள்ளே போய்ப் பத்திரத்தை எடுத்து வந்து சின்னையன் வருகிற பத்தியைச் சத்தமாக வாசித்தேன். வாசித்துவிட்டு, “இந்தக் கோளாறு எங்கப்பாகிட்ட ஒளிஞ்சு இருந்துச்சு. உங்ககிட்டயும் இருக்கலாம், உங்க மகன்கிட்டயும் இருக்கலாம், என்கிட்டயும் இருக்கலாம். நாளைக்கு எங்களுக்கு ஒரு புள்ள இப்படிப் பொறந்தா யாரு மேல போடுவீங்க அத்தை?” என்று கேட்டேன்.

“கிரகணத்தன்னிக்கு நீ வெளிய வராம அடக்கமா இருந்தா ஒண்ணும் ஆவாது” என்றாள் அத்தை. முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. தட்டுகளை எடுக்கச் சொல்லிவிட்டு எழுந்து போனாள். அத்தனை பேரும் அவள் பின்னாலேயே போனார்கள். அவர்கள் போன பிறகு அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து பத்திரத்தைத் தொட்டுப் பார்த்தாள். நான் அவளுக்காகப் போட்ட சண்டையைப் பற்றி ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். “பாவம், இவர யாரு பாத்துக்கிட்டாங்களோ” என்று மட்டும் சொன்னாள்.

நான் தஞ்சாவூரில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் டீச்சராக வேலைக்குச் சேர்ந்து, சொந்தமே இல்லாத ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டேன். ரவி சிங்கப்பூர் போய்விட்டுத் திரும்பியதும், எனக்குப் பாடம் கற்பிப்பது போல, அத்தை என் சித்தப்பா மகள் சுமதியை அவனுக்குக் கட்டி வைத்தாள். அதே தாத்தா, அதே ரத்தம். சுமதி கர்ப்பமாக இருந்த பத்து மாதமும் அவளை நிலைப்படி தாண்ட விடவில்லை. அந்தப் பத்து மாதத்தில் எங்கள் ஊரில் தெரிகிற மாதிரி ஒரு கிரகணமும் வரவில்லை. பையன் பிறந்தான், பெயர் நிதின். ஒரு வயதாகிறபோது அவனுக்கும் காது கேட்கவில்லை என்று தெரிந்தது.

செய்தி தெரிந்த அன்று மாலை பள்ளி விட்டு வரும் வழியில் அரைக்கிலோ ஜாங்கிரி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். என்ன விசேஷம் என்று என் கணவர் கேட்டார். சும்மாதான் என்றேன். இதை எழுதக் கூசுகிறது, ஆனால் அன்று கூசவில்லை. ஒவ்வொரு ஜாங்கிரியும் தித்தித்தது.

தை மாதம் சுமதி போன் செய்தாள். “அக்கா, காதுக்குள்ள கருவி வச்சு ஆபரேஷன் பண்றாங்களாமே. காப்பீட்டுல எடுத்துக்குறாங்களாம். உங்களுக்குத் தெரியுமாக்கா? வீட்டுல யாருக்கும் ஒண்ணும் புரியல” என்றாள். எனக்குத் தெரியும். என் பள்ளியில் படித்த பெண்ணின் தம்பிக்கு அப்படி வைத்ததற்கு நான்தான் கூடவே அலைந்தேன். எந்தக் கட்டடம், எந்த மாடி, என்னென்ன காகிதம் எல்லாம் என் விரல் நுனியில் இருந்தது. நான் சொன்னேன்: “வரேன். ஆனா முதல்ல உன் மாமியார் எங்க வீட்டுக்கு வந்து, அம்மா மேல தப்பு இல்லன்னு நாலு பேருக்கு முன்னாடி சொல்லணும். அப்புறம் கூட்டிட்டுப் போறேன்.”

அத்தை மாட்டேன் என்றாள். நானும் விடவில்லை. சுமதி மாதத்துக்கு இரண்டு முறை கூப்பிட்டு அழுவாள். நான் அதே பதிலைச் சொல்லிவிட்டு வைப்பேன். பிறந்த முதல் சில வருடங்களில் சத்தம் போய்ச் சேராவிட்டால் மூளை பேச்சுக்கென்று வைத்திருக்கும் இடத்தை வேறு வேலைக்குக் கொடுத்துவிடும், ஒவ்வொரு மாதமும் கணக்கு என்று வகுப்பில் படம் வரைந்து சொல்லிக்கொடுத்தவள் நான். அந்தப் படத்தைக் கரும்பலகையில் அழித்துவிட்டு வந்து சுமதியின் போனுக்கு முடியாது என்று சொல்லியிருக்கிறேன். பங்குனி போய், ஆடி போய், புரட்டாசியும் வந்துவிட்டது. எட்டு மாதம்.

காலாண்டு விடுமுறையில் ஒரு நாள் ரவி போன் செய்து, திங்கட்கிழமை பத்து மணிக்குத் தன் அம்மா எங்கள் வீட்டுக்கு வருகிறாள் என்றான். நான் அன்று முதல் பஸ்ஸைப் பிடித்து ஊருக்குப் போனேன். வீடு திறந்து கிடந்தது. அம்மா இல்லை. முரளி மட்டும் பின்கட்டில் ஒரு நடவு மெஷினைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தான். அப்போது அவனுக்கு இருபத்தாறு வயது. எஞ்சின் மேல் உள்ளங்கையை வைத்து எந்த இடத்தில் கோளாறு என்று சொல்லிவிடுவான் என்பதால் ஐந்தாறு ஊர் மெஷின்கள் அவனிடம்தான் வரும். அம்மா எங்கே என்று சைகையில் கேட்டேன். விடிவதற்குள் சுமதியையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள் என்றான். முந்தைய நாள்தான் சுமதி அவளிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். அந்த வழி அம்மாவுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். முரளியைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் வருடக்கணக்காக அலைந்த வழி அது. நான் வந்த பஸ்ஸும் அவள் போன பஸ்ஸும் எங்கோ ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்க வேண்டும்.

பத்து மணிக்கு அத்தை வந்தாள். தனியாகத்தான் வந்தாள், கையில் கோல். நாலு பேரை நானும் கூப்பிட்டிருக்கவில்லை. கூடத்தில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, அம்மா எங்கே என்று கூடக் கேட்காமல், ஒப்பிப்பது போலச் சொன்னாள்: “உங்கம்மா மேல ஒரு தப்பும் இல்லடி. அது எங்க வம்சத்துல இருக்கு. நீ பத்திரத்துல படிச்சியே சின்னையன், எங்க சித்தப்பா, அவரு மடியில வளந்தவ நான். எனக்கு நடை பழக்குனதே அவருதான்.”

“தெரிஞ்சே செஞ்சீங்களா?” என்றேன்.

“பின்ன என்ன பண்ணச் சொல்ற. எங்க குடும்பத்துல இருக்குன்னு வெளிய தெரிஞ்சா எங்க புள்ளைங்களுக்கு யாரு பொண்ணு குடுப்பா, யாரு எடுப்பா? வந்த மருமவ மேல போட்டா அது அவளோட போயிடும்.” அவள் குரலில் வருத்தம் இல்லை, நிலத்தின் எல்லையைச் சொல்வது போல இருந்தது. இருபத்தைந்து வருடமாக நான் காத்திருந்த வார்த்தைகள். கேட்க வேண்டியவள் அங்கே இல்லை. வந்த ஆத்திரத்தில் அந்தக் கோலைப் பிடுங்கி எறிய வேண்டும் போல் இருந்தது.

அப்போது முரளி கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தான். எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அத்தை என்ன சொல்கிறாள் என்று கேட்டான். நான் சொன்னேன். கிரகணம், வாசல், நான் தலையாட்டியது, வளைகாப்பு, பத்திரம், ஜாங்கிரியைத் தவிர எல்லாவற்றையும் கைகளால் சொன்னேன். இந்த வீட்டிலேயே வளர்ந்தவனுக்கு இதில் ஒரு வரி கூட அதுவரை யாரும் சொல்லியிருக்கவில்லை. அவனுக்குக் கேட்காது என்ற தைரியத்தில் அவன் தலைக்கு மேலேயே எல்லாம் நடந்திருக்கிறது. அவன் கடைசிவரை பொறுமையாகப் பார்த்தான். பிறகு மெதுவாக, எனக்குத் தவறாமல் புரிய வேண்டும் என்பதுபோல, சைகையில் கேட்டான்.

நான் பிறந்தது யாருடைய தப்பு என்றுதான் இத்தனை வருடமும் சண்டை போட்டீர்களா?

“என்னடி சொல்றான்?” என்றாள் அத்தை. நான் அவளுக்குச் சொல்லவில்லை. முரளி பின்கட்டுக்குப் போய்விட்டான், கொஞ்ச நேரத்தில் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது.

மாலையில் அம்மா வந்தாள். அத்தை வந்து எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டாள் என்று சொன்னேன். அம்மா கால் கழுவிக்கொண்டே கேட்டாள்: “அதுக்கா அந்தப் புள்ளைய எட்டு மாசம் காக்க வச்ச? நீயும் அவளாட்டமே இருக்க.” நிதினுக்கு மார்கழியில் ஆபரேஷன் நடந்தது.

இப்போது அத்தை இல்லை. மஞ்சக்காணி நாலு மாவும் இன்று வேறொருவர் பெயரில் இருக்கிறது. கிரகணத்தன்று எங்கள் தெருவில் யாரும் உலக்கையைத் தேடுவதில்லை, தேடினாலும் பாதி வீடுகளில் உலக்கை கிடையாது. முரளி பிறவியிலேயே கேட்காத ஒரு பெண்ணைத்தான் கட்டியிருக்கிறான். அவளுடைய சீட்டு வேறு, இவனுடைய சீட்டு வேறு என்பதால் அவர்கள் மகளுக்கு எறும்பு நடந்தால் கூடக் கேட்கும். அம்மாவுக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. அப்பா போன பிறகு எந்த வளைகாப்பிலும் அவளுக்கு இடமில்லை என்பதால், அவள் மேலிருந்த பழி நீங்கியும் ஒருவர் கைக்கும் அவள் வளையல் போடவில்லை. அதற்காக அத்தையை இன்னும் நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கும் உத்தேசமும் இல்லை.

நிதின் ஏழாம் வகுப்புப் படிக்கிறான். விடுமுறையில் என் வீட்டுக்கு வந்து பத்து நாள் தங்குவான், நிறையப் பேசுவான், கணக்கில் கெட்டிக்காரன். பேச்சில் ஒரே ஓர் எழுத்து மட்டும் அவனுக்குப் பிடிபடவில்லை, “ர” வருகிற இடமெல்லாம் வழுக்கிவிடும். அது எந்தக் குழந்தைக்கும் வரக்கூடியதுதான், தாமதத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று பேச்சுப் பயிற்சி கொடுக்கும் டீச்சர் என்னிடம் மூன்று முறை சொல்லிவிட்டார். நான்காவது முறையும் கேட்கப் போகிறேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அவன் “பெயிம்மா” என்று கூப்பிடுவான். நான் உடனே ஏன் என்று குரல் கொடுப்பதில்லை, அவன் இன்னொரு தடவை கூப்பிடும்வரை அடுப்படியிலேயே நின்றிருப்பேன்.